நிலாவெளிக்குப் போகிறீர்களா? டிக்கெட் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கனடா, லண்டன், சுவிஸ் என்று எங்கிருந்து வந்தாலும் கனபேர் டிசம்பர் விடுமுறைக்குத்தான் டிக்கெட் போடுகிறார்கள், பிறகு "யாழ்ப்பாணம் முடித்துவிட்டு இரண்டு நாள் திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கடலில் குளிக்கலாம்" என்று திட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அங்கேதான் பிழை வருகிறது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை கிழக்குக் கரைக்கு மாரிகாலம், வாடைக்காற்று நேரே கரைக்கு அடிக்கும். கடல் கலங்கி, அலை உயர்ந்து, அடியில் இழுவையும் இருக்கும். எதிரே கடலில் உள்ள புறாத்தீவுக்குப் படகு ஓடுவது அரிது, சின்ன விடுதிகள் பல பூட்டிக்கிடக்கும். அந்த நேரத்தில் கடல்தான் வேண்டும் என்றால் ஹிக்கடுவ, மிரிஸ்ஸ போன்ற தெற்குக் கரைக்குப் போங்கள். நிலாவெளிக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் காலம். பிள்ளைகளின் யூலை, ஓகஸ்ட் விடுமுறை இதற்குச் சரியாகப் பொருந்தும், நல்லூர்த் திருவிழாவையும் பார்த்துவிட்டு வரலாம். வெயில் கடுமைதான், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று சூடாக வீசும், ஆனால் அந்தக் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போவதால் தண்ணீர் குளம்போலக் கிடக்கும்.

இடத்தைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். திருகோணமலை நகரத்திலிருந்து வடக்கே புல்மோட்டை வீதியில் போனால் முதலில் உப்புவெளி, அலஸ்தோட்டம், பிறகு சாம்பல்தீவுப் பாலம் கடந்து நிலாவெளி, அதற்கும் அப்பால் இறக்கக்கண்டி. நகரத்திலிருந்து நிலாவெளி ஏறத்தாழ 15 கிலோமீற்றர். மணலில் மேசை போட்டு, பாட்டு வைத்து, இரவு வரை மீனும் பியரும் பரிமாறும் பீச் பார்கள் அதிகம் இருப்பது உப்புவெளியில். நிலாவெளியில் கரை அகலமானது, விடுதிகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும், காலையில் நடக்கத் தொடங்கினால் நடந்துகொண்டே இருக்கலாம். இளைஞர்கள் கூட்டமாக வந்தால் உப்புவெளி. அம்மா அப்பாவும் சின்னப் பிள்ளைகளும் என்றால் நிலாவெளியில் தங்குங்கள், ஒரு மாலை மட்டும் ஓட்டோ பிடித்து உப்புவெளிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அது போதும்.

கொழும்பு கோட்டையிலிருந்து திருகோணமலைக்கு இரவு ரயில் இருக்கிறது, முன்கூட்டியே ஆசனம் பதிவு செய்யாவிட்டால் விடுமுறைக் காலத்தில் கிடைக்காது. வாகனத்தில் வருகிறவர்கள் ஹபரணைக்கும் திருகோணமலைக்கும் இடையிலான காட்டுப்பாதையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள், பின்னேரமானால் யானை வீதிக்கு வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வரலாம். வாடகைக்கு ஸ்கூட்டரோ காரோ எடுத்து நீங்களே ஓட்ட நினைத்தால், வெளிநாட்டு லைசன்ஸ் மட்டும் போதாது, அதை இலங்கையில் செல்லுபடியாக்கும் அனுமதியும் வேண்டும். அது இல்லாமல் விபத்து ஒன்று நடந்தால் காப்புறுதி கைகொடுக்காது.

இனிப் பெரிய ரிசோட்களின் கணக்கு. அறைவிலை வெளிநாட்டவருக்கு டொலரிலும் உள்ளூராருக்கு ரூபாயிலுமாக இரண்டு விதமாக இருக்கும். ஒரே குடும்பத்தில் கொழும்பிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு ஒரு விலை, டொரொண்டோவிலிருந்து வந்த உங்களுக்கு இன்னொரு விலை. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தேசிய அடையாள அட்டையைக் கட்டாயம் கையில் வைத்திருங்கள், அது இல்லாமல் தமிழில் எவ்வளவு கதைத்தாலும் வெளிநாட்டு விலைதான். மெனுவில் போட்டிருக்கும் விலைக்கு மேல் 10 வீதம் சேவைக்கட்டணமும் வரியும் வரலாம், 2024இலிருந்து வற் வரி 18 வீதம், அதனால் சாப்பிட முதல் "எல்லாம் சேர்த்தா?" என்று கேட்டுவிடுங்கள். தங்காமல் நீச்சல்குளத்தையும் மதியச் சாப்பாட்டையும் மட்டும் அனுபவிக்கச் சில இடங்கள் விடும், சில இடங்கள் விடாது, முதல்நாளே தொலைபேசியில் கேளுங்கள். கடற்கரை எல்லோருக்கும் பொது. விடுதிக்கு முன்னால் மணலில் நடக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, சாய்கதிரையும் குடையும்தான் அவர்களுடையவை. பௌர்ணமியான போயா தினத்தில் நாடு முழுவதும் மது விற்பனை இல்லை, பிறந்தநாள் கொண்டாட்டம் ஏதும் வைத்திருந்தால் நாட்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: ரிசோட்டின் வேலிக்குள்ளேயே மூன்று நாளைக் கழித்துவிட்டு "நிலாவெளி பார்த்தோம்" என்று திரும்பாதீர்கள். அந்த வேலிக்கு வெளியே ஒரு ஊர் இருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் அக்கம்பக்கமாக வாழும் ஊர். விடியற்காலையில் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போங்கள், இருபது முப்பது பேர் கயிற்றைப் பிடித்து அடியெடுத்து இழுப்பார்கள், கேட்டால் உங்கள் பிள்ளைகளுக்கும் ஓரிடம் தருவார்கள். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள், அண்ணா, ஐயா என்று கூப்பிட்டுக் கதையுங்கள். நீச்சலுடை தண்ணீருக்குள்ளும் விடுதிக்கு முன்னாலும் சரி, கடைத்தெருவுக்கோ கோயில், பள்ளிவாசல் பக்கமோ போகும்போது மேலே ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையை மிக மோசமாக அடித்தது, போரும் நீண்ட காலம் இங்கே இருந்தது. அவர்களாகச் சொன்னால் கேட்டிருங்கள், நீங்களாகத் தோண்டிக் கேட்காதீர்கள்.

புறாத்தீவைத் தவறவிடக் கூடாது. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு தூரம்தான், 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நுழைவுச்சீட்டு, சேவைக்கட்டணம், வரி, படகுக்கூலி எல்லாம் தனித்தனி, வெளிநாட்டவர் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. காலையில் முதல் படகிலேயே போங்கள், சனி ஞாயிறை விட்டுவிடுங்கள். தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் போதும், பவளப்பாறை, வண்ண மீன்கள், சில வேளை ஆமை, கரும்புள்ளிச் செட்டையுள்ள சின்னச் சுறா எல்லாம் தெரியும். அந்தச் சுறா மனிதரைக் கண்டால் விலகிப் போகும், பயம் வேண்டாம். ஆனால் பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள், தயவுசெய்து. ஆண்டாண்டாக வளர்ந்தது ஒரு காலடியில் உடைந்துபோகும், ஏற்கெனவே அங்கே நிறைய உடைந்துகிடக்கிறது. நீந்தத் தெரியாதவர்கள் மிதவை அங்கி போட்டுக்கொண்டு மிதந்தபடியே பாருங்கள். ஒரு துண்டுப் பவளத்தைக்கூட நினைவுக்கென்று எடுத்துவரக் கூடாது, அது சட்டப்படி குற்றம். தீவின் கரை முழுக்கப் பவளத் துண்டுகள் என்பதால் வெறுங்காலோடு நடக்க முடியாது, றப்பர் செருப்பு வேண்டும்.

பெரியவர்கள் கூட வந்தால் ஒரு காலைப்பொழுதைக் கன்னியாவுக்கும் கோணேசர் கோயிலுக்கும் ஒதுக்குங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் ஏழு விதமான சூடு. இறந்தவர்களுக்கான கிரியைகளை அங்கே செய்வது எங்கள் ஆட்களின் பழைய வழக்கம், வெளிநாட்டில் பெற்றோரை இழந்துவிட்டு இங்கே வந்து அதைச் செய்கிறவர்களும் உண்டு. கோணேசர் கோயிலுக்குப் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தான் போகவேண்டும். உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் கண்டபடி கமராவைத் தூக்காதீர்கள். துறைமுகமும் கடற்படையும் உள்ள ஊர், ட்ரோனை அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வீண் வம்பு.

சாப்பாட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். சின்ன விருந்தினர் விடுதியில் தங்கினால் முதல்நாள் இரவே வீட்டுக்கார அக்காவிடம் சொல்லிவையுங்கள், காலையில் வள்ளம் வந்ததும் பாரையோ கணவாயோ பார்த்து வாங்கி, மதியம் சோறும் குழம்பும் சொதியுமாகச் சமைத்துத் தருவார். விலையை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள், கொடுக்கும்போது பேரம் பேசாதீர்கள், உறைப்பு எவ்வளவு என்பதையும் பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுங்கள்.