ஸ்லோ குக்கரில் இறைச்சி: இன்றைக்கும் நாளைக்கும்

குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பாத்திரம்தான் ஸ்லோ குக்கர். தோள், கால் பகுதி இறைச்சியே இதற்கு ஏற்றது. அதிலுள்ள சவ்வு மெல்லக் கரைந்து சாற்றைக் கெட்டியாக்கும்; கொழுப்பில்லாத துண்டு வறண்டுவிடும். ஒன்றரை கிலோவை முதலில் வாணலியில் சிவக்க வறுங்கள், அந்த மணம் குக்கரில் வராது. 3 தேக்கரண்டி உப்பு, ஒரு கப் தண்ணீர் போதும். ஆவி வெளியேறாததால் அதிகம் ஊற்றினால் சாறு நீர்த்துப்போகும். 'லோ'வில் (குறைந்த சூட்டில்) 8 மணி நேரம். இடையில் மூடியைத் திறக்காதீர்கள். உறைந்த இறைச்சியை அப்படியே போடவே கூடாது: கிருமி பெருகும் வெப்பத்திலேயே நெடுநேரம் கிடக்கும்.

மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரத்தில் சாறோடு ஃபிரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும். மேலே உறைந்த கொழுப்பை வழித்தெடுத்து, அதிலேயே வெங்காயம் வதக்கி, பிய்த்த இறைச்சியைப் புரட்டுங்கள், சாண்ட்விச்சுக்கு அருமை. சாற்றில் காய்கறி வேகவைத்தால் சூப். சூடாக்குவது மட்டும் அடுப்பில்தான், ஆவி பறக்கும்வரை.