டர்போ காரில் புகை கசிகிறதா? டர்போவுக்கு முன்னாலா, பின்னாலா என்று முதலில் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் கார் ஷெட்டிலேயேதான் நிற்கும். வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். கல்யாணம், படைப்பு, கோயில் திருவிழா என்றால்தான் வண்டி வெளியே வரும். நடுவில் பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று வாட்ச்மேன் அவ்வப்போது ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவார். சைலன்சரைக் கெடுக்க இது போதும். டீசல் எரியும்போது புகையோடு நீராவியும் வருகிறது. சைலன்சர் நன்றாகச் சூடேறும் முன் நிறுத்தினால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். அரிமானத்தை ஆராயும் சிக்ரி ஆய்வு நிறுவனம் இருக்கும் காரைக்குடியில் துருவைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டார்ட் செய்தால் பிள்ளையார்பட்டி வரை ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

சரி, கசிவு வந்துவிட்டது. இன்ஜினிலிருந்து வரும் புகை முதலில் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்), அடுத்து டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), அப்புறம் டவுன்பைப் (டர்போவிலிருந்து கீழே இறங்கும் குழாய்), கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், சைலன்சர் என்று போகிறது. டர்போவைச் சுழற்றுவதே அந்தப் புகைதான். டர்போவுக்கு முன்னால் கசிந்தால் பிக்கப் போய்விடும். பின்னால் கசிந்தால் சத்தமும் நாற்றமும் இருக்கும், வண்டி ஏறக்குறைய பழையபடியே இழுக்கும். செலவும் வேலையும் இதை வைத்துத்தான்.

1. காலையில், ஆறிய இன்ஜினில் தேடுங்கள்

வண்டியை ஷெட்டுக்கு வெளியே கொண்டுவந்துவிடுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய ஷெட்டில் ஆளையே கொன்றுவிடும். பானட்டைத் திறந்து வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். வேகமான ‘டிக் டிக்’ சத்தம் கேட்டு, சூடு ஏற ஏறக் குறைந்தால் மேனிஃபோல்டு கேஸ்கட் (இன்ஜினுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் தகடு) மேல் சந்தேகப்படலாம். இரும்பு விரிந்து இடைவெளியை அடைப்பதால் சத்தம் அடங்குகிறது. இன்ஜினை நிறுத்தி, டார்ச் அடித்து கேஸ்கட் ஓரத்தைப் பாருங்கள். கசியும் இடத்தில் கரி விசிறி போல விரிந்து படிந்திருக்கும்.

2. சோப்புத் தண்ணீர் சோதனை

சத்தத்தில் பிடிபடவில்லை என்றால், இன்ஜின் முழுக்க ஆறியபின், காற்றை வெளியே ஊதும் வசதி உள்ள வேக்குவம் கிளீனரின் குழாயைச் சைலன்சர் வாயில் துணி சுற்றி வையுங்கள். ஜாயின்ட் ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை பொங்கும் இடம்தான் ஓட்டை. அடியில் படுத்துப் பார்ப்பதானால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் ‘உஸ்’ சத்தமும் கரும்புகையும் வந்தால் முதலில் டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸைப் பாருங்கள். அது காற்று போகும் பக்கம், புகைப் பக்கமே இல்லை. சில சமயம் ஒரு கிளிப்பை முடுக்கினாலே வேலை முடிந்துவிடும்.

3. டர்போவுக்குப் பின்னால் என்றால்

சைலன்சர் வெல்டிங் பட்டறைக்கு விடுங்கள். வெல்டு வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். “கன்வெர்ட்டரை எடுத்துட்டு நேர் பைப் போட்டுடலாம்ணே” என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

4. முன்னால் என்றால், ஸ்பேனருக்கு முன் மேனுவல்

டேஷ்போர்டில் கிடக்கும் ஓனர் மேனுவலில் இதற்கு விடை இருக்காது. தேவை சர்வீஸ் மேனுவல். காரின் பெயரைப் போட்டுத் தேடுவதைவிட இன்ஜின் கோடை (இன்ஜின் வகையைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும்) போட்டுத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். இன்ஜின் நம்பர் ஆர்சி புத்தகத்திலேயே இருக்கிறது, கோடு பெரும்பாலும் அதன் முன்பகுதியில் இருக்கும். பழைய ஸ்விஃப்ட் டீசலின் டி13ஏ உண்மையில் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். டாடா விஸ்டா குவாட்ராஜெட், ஃபியட் புன்ட்டோ இரண்டிலும் அதே குடும்ப இன்ஜின்தான். ஆகவே ஃபியட் மேனுவலைப் படித்தும் வேலையின் வரிசையைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் இதில் 75 குதிரைத்திறன் வகையும் 90 வகையும் உண்டு, டர்போவே வேறு. அதனால் முடுக்கும் அளவுகளை உங்கள் வண்டிக்கான மேனுவலில் இருந்து மட்டும் எடுங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் சில தங்கள் தளத்தில் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு மேனுவலைக் காட்டுகின்றன. பழைய மாடலானால் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் தேடலாம். ‘இலவச மேனுவல்’ என்று சொல்லி சாஃப்ட்வேரை இறக்கச் சொல்லும் தளங்களை மூடிவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது மூன்றே விஷயம்: மேனிஃபோல்டு கழற்றும் வரிசை, டார்க் அட்டவணை (எந்த நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்ற அளவுகள்), மறுபடி பயன்படுத்தக் கூடாத பாகங்களின் பட்டியல்.

5. கேஸ்கட் மாற்றுதல்

முதல் நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் ஆயிலைத் தெளித்து ஊறவிடுங்கள். அசையாத நட்டைத் துளி முடுக்கி, அப்புறம் தளர்த்துங்கள். முரண்டு பிடித்தால் நிறுத்திவிடுங்கள். நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் இன்ஜின் ஹெட்டுக்குள் முறிந்தால் லேத் பட்டறைதான் கதி. கழற்றியதும் டர்போவின் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தாலே பிளேடுகள் போய்விடும். ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்து, இரும்பு ஸ்கேலை வைத்து மேனிஃபோல்டு முகம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். புது கேஸ்கட்டும் புது நட்டும் போட்டு, மேனுவல் வேறு வரிசை சொல்லாவிட்டால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். சிலிக்கான் பேஸ்ட் கூடவே கூடாது. அந்தச் சூட்டில் அது கருகி உதிர்ந்து டர்போவுக்குள்தான் போகும்.

6. மறுபடி பாருங்கள்

முதல் ஸ்டார்ட்டில் ஊறிய ஆயில் எரிந்து கொஞ்சம் புகை வரும். பயப்பட வேண்டாம், சிறிது நேரத்தில் அடங்கும். துடைக்கிறேன் என்று கைவைத்துவிடாதீர்கள், மேனிஃபோல்டு பழுக்கச் சுடும். இன்ஜின் ஆறியபின் சோப்புத் தண்ணீர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) குறைவு என்று பி0299 பிழைக் கோடு விழுந்திருந்தால் ஸ்கேனரில் அழித்துவிட்டு, திருப்பத்தூர் சாலையில் நாலாவது கியரில் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். கோடு திரும்ப வந்தால் மேனிஃபோல்டில் விரிசல் இருக்கலாம். கழற்றி லேத் பட்டறையில் காட்டுங்கள்.