ஸ்பேர் டியூப் ஒன்று போதும், அதுவும் முன்சக்கரத்துடையது

எக்ஸ்பல்ஸ் 200, ஹிமாலயன் 411 மாதிரி டியூப் டயர் பைக்கில் காட்டுப் பாதைக்குக் கிளம்பினால், இரண்டு டியூப் சுமக்க வேண்டாம். முன்சக்கரத்தின் 21 அங்குல டியூப் ஒன்றே போதும். பின்சக்கரம் பஞ்சரானாலும் அதையே போட்டு ஊர் வந்து சேரலாம்.

எக்ஸ்பல்ஸுக்குப் பின்னால் 18 அங்குலம், ஹிமாலயன் 411-க்கு 17. பெரிய வட்ட டியூப் சின்ன ரிம்முக்குள் கொஞ்சம் சுருங்கி உட்காரும், பின் டயரின் அகலத்துக்கு ரப்பர் விரிந்து கொடுக்கும். பின் டியூபை முன்னால் போட்டால், வட்டம் பத்தாமல் இழுபட்டு வால்வு அடியில் கிழியும் ஆபத்து உண்டு. அதனால் இதைத் தலைகீழாக முயல வேண்டாம்.

போடும்போது டியூபில் டால்கம் பவுடர் தூவுங்கள் (முகத்துக்குப் போடும் பவுடரே போதும்). காற்றடித்து, முழுக்க இறக்கி, மறுபடி அடியுங்கள். மடிப்புகள் பெரும்பாலும் விரிந்துவிடும். மடிப்பு நின்ற இடத்தில் உரசல் வரும், அப்புறம் அங்கேயேதான் ஓட்டை விழும்.

இது அவசரத்துக்கு மட்டும். லக்கேஜும் பின்னால் ஆளும் வைத்து நெடுஞ்சாலையில் விரட்டக் கூடாது. மெதுவாக வந்து, முதல் கடையிலேயே சரியான அளவு டியூப் மாற்றிவிடுங்கள். டியூப்லெஸ் வண்டிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் பஞ்சர் கிட்டும் சின்ன பம்பும் வைத்துக்கொண்டால் சரி.