டென்வரில் முதல் புல்தரை: ஆகஸ்டில் தொடங்கி பிப்ரவரி வரை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள டென்வருக்குக் குடிவந்த முதல் வருடம், பனி பெய்கிற ஊரில் புல்லுக்குத் தனியாக எதற்குத் தண்ணீர் என்று அக்டோபரோடு குழாயை அடைத்துவிட்டேன். ஏப்ரலில் வீட்டின் வடக்குப் பக்கம் பச்சை பிடித்தது. தெற்குப் பக்கம் வைக்கோலாகவே கிடந்தது. பிடித்து இழுத்தால் வேரோடு கையில் வந்தது. குளிரில் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். உண்மையில் அது தண்ணீர் இல்லாமல் காய்ந்து செத்திருந்தது.

இந்த ஊர் 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழையும் பனியும் சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 15 அங்குலம்தான். வெயில் உறைப்பானது, காற்றில் ஈரமே இல்லை. ஜனவரியில்கூட மலையிலிருந்து இறங்கும் சினூக் காற்று ஒரே நாளில் பனியை உருக்கி, மண்ணின் ஈரத்தையும் கொண்டுபோய்விடும். மழை அதிகமுள்ள ஊர்களுக்காக எழுதிய குறிப்புகளை இங்கே அப்படியே பின்பற்றினால் காசும் தண்ணீரும்தான் வீண்.

முதலில் அளவு

குழந்தைகள் ஓடுகிற, நீங்கள் உட்காருகிற இடத்துக்கு மட்டும் புல் போடுங்கள். முதல் முறைக்கு 500 சதுர அடி போதும். நடைபாதை ஓரத்து ஒடுங்கிய பட்டைகளிலும் சரிவுகளிலும் வேண்டாம். அங்கே ஊற்றும் தண்ணீரில் பாதி தெருவுக்குத்தான் போகும். குறைந்த நீரில் வளரும் தோட்டத்துக்கு 'செரிஸ்கேப்' என்று 1981-இல் பெயர் வைத்ததே டென்வர் தண்ணீர் வாரியம்தான். மீதி இடத்துக்கு அந்த வழி நல்லது.

எந்தப் புல்

இங்கே எங்கு பார்த்தாலும் கென்டக்கி புளூகிராஸ்தான். குளிரைத் தாங்கும், மண்ணுக்கடியில் தண்டு ஓட்டி வெற்றிடத்தைத் தானே மூடிக்கொள்ளும், ஆனால் கோடையில் நிறையக் குடிக்கும். டால் ஃபெஸ்க்யூவின் வேர் ஆழமாக இறங்கும். நல்ல மண் அமைந்தால் தண்ணீர் இடைவெளியைத் தாங்கிக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இதைத்தான். பஃபலோ கிராஸும் கொலராடோவின் மாநிலப் புல்லான புளூ கிராமாவும் இந்தச் சமவெளியிலேயே பிறந்தவை, மிகக் கொஞ்சம் தண்ணீர் போதும். ஆனால் அவை மே மாதக் கடைசியில்தான் பச்சையாகும், முதல் உறைபனிக்கே பழுப்பாகிவிடும். விதைப்பதும் மே முதல் ஜூலைக்குள். அந்த நிறம் உங்களுக்குச் சம்மதமென்றால் அவையே மிகச் சிறந்த தேர்வு.

மண்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது. இங்கே பெரும்பாலும் இறுகிய களிமண். மண்ணின் கார அளவு (pH) 7-க்கு மேல் இருக்கும். அதனால் சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் போடவே கூடாது, காரம் இன்னும் ஏறும். களிமண்ணைப் பொலபொலவென்று ஆக்கலாம் என்று கொஞ்சம் மணலைக் கலப்பார்கள், அது செங்கல் போல இறுகிவிடும். போட வேண்டியது மக்கிய கம்போஸ்ட் மட்டுமே. 500 சதுர அடிக்கு ஒன்றரை கன கஜம் வாங்கி, ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பி, ஆறு அங்குல ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள். மாட்டெருவில் செய்த மலிவான கம்போஸ்டில் உப்பு அதிகமாக இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். புல் வந்த பிறகு ஆறு அங்குலம் கொத்த முடியாது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

விதைப்பு

ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் விதையுங்கள். மண் சூடாக இருக்கும், வெயில் தணியத் தொடங்கும், களையும் குறைவு. 500 சதுர அடிக்கு டால் ஃபெஸ்க்யூ ஒன்றரை கிலோ, புளூகிராஸ் என்றால் முக்கால் கிலோ. பாதி விதையைக் கிழக்கு மேற்காகவும் மீதியைத் தெற்கு வடக்காகவும் தூவி, மண்வாரியால் கால் அங்குலம் மூடி, லேசாக மிதித்துவிடுங்கள்.

அப்புறம் மூன்று வாரம் நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். மேல்மண் ஒரு மதியம் காய்ந்தாலும் முளை கருகிவிடும். தினமும் மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாக நனையுங்கள். ஃபெஸ்க்யூ ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும், புளூகிராஸுக்கு நான்கு வாரம்கூட ஆகலாம். டென்வரில் கோடையில் வழக்கமாகக் காலை 10 முதல் மாலை 6 வரை தண்ணீர் விடக் கூடாது, வாரம் மூன்று நாளுக்கு மேலும் கூடாது. புது விதைக்கு விலக்கு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். களைக்கொல்லி கலந்த உரத்தை இந்தச் சமயத்தில் தொடாதீர்கள், விதையையும் சேர்த்து முடக்கும்.

அடுத்த கோடை

மூன்று அங்குல உயரம் விட்டு வெட்டுங்கள், ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வெட்டிய துண்டுகள் அங்கேயே கிடக்கட்டும். களிமண் மெதுவாகத்தான் குடிக்கும். ஸ்பிரிங்க்ளரை ஏழெட்டு நிமிடம் ஓட்டி, ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி ஓட்டுங்கள். எவ்வளவு விழுகிறது என்று பார்க்க நாலைந்து காலி டுனா டப்பாக்களைப் புல்லில் வைத்தால் போதும்; உச்சக் கோடையில் வாரத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் தேவைப்படும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புக் குறைபாடு. மண்ணில் இரும்பு இருக்கும், காரத்தால் புல்லுக்குக் கிடைக்காது. கார மண்ணிலும் புல் உறிஞ்சக்கூடிய கீலேட் வடிவ இரும்பு போடுங்கள்.

இலையுதிர் காலம்

வருடத்தில் ஒரே ஒரு முறைதான் உரம் போட முடியுமென்றால் அக்டோபரில் போடுங்கள். 500 சதுர அடிக்கு 225 கிராம் நைட்ரஜன். உரப் பையின் முதல் எண் நைட்ரஜன் சதவீதம்; அது 20 என்றால் உரம் 1.1 கிலோ. வாடகைக்கு ஏரேட்டர் எடுத்து மண்ணில் துளை போடவும் இதுவே நேரம். கடும் உறைபனி வருமுன் ஸ்பிரிங்க்ளர் குழாய்களைக் காற்றழுத்தத்தால் ஊதிக் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும்.

குளிர்காலத் தண்ணீர்

ஸ்பிரிங்க்ளரை மூடியாகிவிட்டது, ஆனாலும் ரப்பர் குழாய் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை நான்கு வாரமாகப் பனியோ மழையோ இல்லையென்றால் தண்ணீர் விட வேண்டும். வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறிய, மண் உறையாத ஒரு நாளைப் பாருங்கள். காலை பத்து, பதினொன்றுக்குத் தொடங்கினால் இரவு உறைவதற்குள் மண் உறிஞ்சிவிடும். சுவரோரமும் தெற்கு, மேற்குச் சரிவுகளும் முதலில் காயும். காய்ந்த இடத்தில்தான் குளிர்காலச் சிலந்திப்பேனும் புல்லின் சாற்றை உறிஞ்சத் தொடங்கும். அங்கே முதலில் விடுங்கள். முடிந்ததும் குழாயைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள், மாட்டியே இருந்தால் தண்ணீர் உறைந்து சுவருக்குள் இருக்கும் குழாய் விரிசல் விடும்.

போதுமா என்று தெரிய நான் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பார்ப்பேன். பிப்ரவரியில் அது தெற்குப் பக்கம் ஆறு அங்குலம் சிரமமில்லாமல் இறங்கினால், அடுத்த நான்கு வாரத்துக்குக் கவலையில்லை.