திருப்பூர்ல இருந்து ஜெர்மனி போறவங்க ரைன் கோட்டைகளை எப்படிப் பாக்கறதுங்க

பனியன் ஆர்டர் விசயமா ஜெர்மனி போறவங்க நம்மூர்ல நெறயப் பேர் இருக்கறீங்க, வேலைய முடிச்சுட்டு அப்படியே பிளைட் ஏறிராம ஒரு ரெண்டு நாள் ஒதுக்கி ரைன் நதிப் பக்கம் போய்ட்டு வாங்க. பிங்கன்ல இருந்து கோப்ளென்ஸ் வரைக்கும் சுமார் 65 கிலோமீட்டர், ரெண்டு கரைலயும் மலைமேல கோட்டையா நிக்கும், 2002ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்க.

பிராங்க்பர்ட்ல ரயில் ஏறி பிங்கன் போங்க, அங்கிருந்து இடதுகரை ரயில்ல வலதுபக்க ஜன்னல் சீட்டப் புடிச்சுக்கங்க, ஆறு அந்தப் பக்கந்தான் வரும். காலைல செயின்ட் கோர்ல எறங்கி ரைன்பெல்ஸ் கோட்டைக்கு ஏறுங்க. 1245ல கட்ட ஆரம்பிச்சது, பிரெஞ்சுப் படை வெடி வெச்சுத் தகத்ததால இப்ப பாதி இடிபாடுதான், ஆனா எனக்கு அதுதான் ரொம்பப் புடிக்கும், ஏன்னா சுவரோட கனம், கீழ போற சுரங்கம் எல்லாம் அப்படியே கண்ணுக்குத் தெரியுது. சுரங்கத்துக்குள்ள இருட்டுங்க, டார்ச் கட்டாயம். நம்ம சங்ககிரி மலை ஏறுறதுக்குப் போட்டுக்கற மாதிரி நல்ல ஷூவும் வேணும்.

இடியாம முழுசா நிக்கறது பாக்கணும்னா பிரவ்பாக் ஊர்ல இருக்கற மார்க்ஸ்புர்க் கோட்டைக்குப் போங்க. உள்ள கைடு கூட்டிட்டுப் போனாத்தான் போக முடியும், அதனால டைம் பாத்துட்டுப் போங்க. காவுப்ல ஆத்து நடுவுலயே ஒரு கோட்டை இருக்கு, படகுக்கு வரி வசூல் பண்ணக் கட்டுனது, அதுக்குப் படகுல போகோணும். ஸ்டோல்சன்பெல்ஸ் அழகுதான், ஆனா 19ம் நூற்றாண்டுல திரும்பக் கட்டுனதுங்க.

குளிர்காலத்துல பல கோட்டை சாத்திருவாங்க, மே மாசத்துல இருந்து செப்டம்பருக்குள்ள போறதுதான் நல்லது.