இத்தாலியன் கற்கச் செயலி தேடுகிறீர்களா? தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகள்

ஆப் ஸ்டோரில் 'இத்தாலியன்' என்று தட்டினால் வந்து விழும் செயலிகளுக்குக் கணக்கே இல்லை. பலரும் மேலே நிற்கும் ஒன்றை இறக்குகிறார்கள், பார்க்க அழகாக இருந்தால் அன்றே பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் விடாமல் படித்த பிறகு ஓர் இத்தாலியரின் முன்னால் நின்றால் வாயில் ஒரு வாக்கியம் வருவதில்லை. தனக்கு மொழி வராது என்று அவர்கள் நினைத்துக்கொள்வதுதான் வருத்தமாக இருக்கிறது. உண்மையில் அந்தச் செயலி அவர்களை ஒரு நாளும் பேச வைத்திருக்காது. எந்தச் செயலியைத் திறந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: பாடத்தின்போது என் வாயும் காதும் என்ன வேலை செய்கின்றன?

அதற்கும் முன்னால், எதற்காகப் படிக்கிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். இதைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. பத்து நாள் பயணத்துக்கு வழி கேட்கவும் உணவு சொல்லவும் தெரிந்தால் போதும் என்பவருக்கு, பிம்ஸ்லர் போலப் பெரும்பாலும் ஒலியையே நம்பி, இடைவெளி விட்டு நம்மைப் பதில் சொல்ல வைக்கும் பாடங்கள் பொருந்தும். ஓபரா வரிகளைப் புரிந்துகொண்டு பாட விரும்புபவருக்கு அது பயன்படாது, அவருக்கு வாசிப்பும் இலக்கணமும் வேண்டும்.

இத்தாலியில் குடியேறுபவர்களின் நிலை இன்னும் கறாரானது. நீண்டகால வசிப்பு அனுமதிக்குப் பொதுவாக ஏ2 நிலை, அதாவது ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் ஆறு நிலைகளில் இரண்டாவது, கேட்கிறார்கள். திருமணத்தின் வழியாகவோ வசித்த காலத்தின் அடிப்படையிலோ குடியுரிமை கோருபவர்கள் 2018 டிசம்பரிலிருந்து அதற்கு அடுத்த பி1 நிலைத் தேர்ச்சியைக் காட்ட வேண்டியிருக்கிறது. சியேனாவிலுள்ள வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகத்தின் சில்ஸ், பெரூஜாவிலுள்ள அதே போன்ற பல்கலைக்கழகத்தின் செலி, தாந்தே அலிகியேரி சங்கத்தின் பிளிடா போன்ற தேர்வுகள்தான் இதற்குச் செல்லும். பாடத்தை முடித்ததும் செயலி வண்ணமயமாக ஒரு சான்றிதழ் காட்டும். அலுவலகத்தில் அதற்கு மதிப்பில்லை. இந்தத் தேர்வுகளில் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது எல்லாமே உண்டு. எழுத வைக்காத ஒரு செயலியை மட்டும் நம்பித் தேர்வுக்குப் போனால் அந்தப் பகுதியில் மாட்டிக்கொள்வோம்.

ஆங்கிலம் மறைக்கும் விஷயங்கள்

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் பயன்படுத்தும் இத்தாலியன் செயலிகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாகக் கற்பிப்பவை. ஆங்கிலம் தெரிந்தால் போதுமே, இதில் என்ன என்று தோன்றலாம். 'கோமே ஸ்தாய்?' என்பது 'எப்படி இருக்கிறாய்?'. 'கோமே ஸ்தா?' என்பது 'எப்படி இருக்கிறீர்கள்?'. நண்பரிடம் முன்னது, மருத்துவரிடமும் அறிமுகமில்லாத பெரியவரிடமும் பின்னது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே கேள்விதான். அதனால் சில செயலிகள் இரண்டையும் சரியான விடை என்று ஏற்றுக்கொண்டு, வேறுபாட்டைச் சொல்லாமலே நகர்ந்துவிடுகின்றன. நீ, நீங்கள் என்று சிறு வயதிலிருந்தே பிரித்துப் பேசும் நமக்கு இது ஒரே நிமிடத்தில் புரியக்கூடியது. அதைப் போய் ஆங்கிலத்தின் வழியாகக் குழப்பிக்கொள்கிறோம்.

வினைச்சொல்லும் அப்படித்தான். 'பேசுகிறேன்' என்றாலே பேசுபவர் யார் என்று தெரிந்துவிடுவதால் நாம் ஒவ்வொரு முறையும் 'நான்' போடுவதில்லை. இத்தாலியனிலும் 'பார்லோ' என்றாலே 'நான் பேசுகிறேன்'. 'பார்லி' என்றால் 'நீ பேசுகிறாய்'. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் தேவையில்லாத இடத்திலும் 'இயோ' (நான்) என்று சேர்த்துப் பழகிவிடுகிறார்கள். ஆங்கில வழிச் செயலியை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, வேறு வழி பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தமிழில் பொருள் எழுதிப் பார்க்கும் ஒரு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மரியாதை வடிவத்தை விளக்கும் இலக்கணக் குறிப்பு செயலியில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

குரல் யாருடையது?

செயலியின் படங்களைப் பார்க்கும் அளவுக்கு அதன் குரலை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இத்தாலியனில் ஒற்றை மெய்க்கும் இரட்டை மெய்க்கும் பொருளே மாறிவிடும். 'நோனோ' ஒன்பதாவது, 'நோன்னோ' தாத்தா. 'பாலா' மண்வெட்டி, 'பல்லா' பந்து. கனி, கன்னி என்று பிரித்துக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது எளிதாகப் பிடிபட வேண்டும். பிடிபடுவதற்கு ஒலிப்பதிவு தெளிவாக இருக்க வேண்டும்.

ஆகவே காசு கட்டும் முன், செயலியில் இப்படி ஒரு சொல் ஜோடியைத் தேடிக் கேட்டுப் பாருங்கள். மனிதக் குரலா, இயந்திரக் குரலா? ஒரே குரல்தானா, ஆணும் பெண்ணும் வயதானவர்களும் பேசுகிறார்களா? இயல்பான வேகத்தில் ஒரு முழு வாக்கியம் வருகிறதா? அப்புறம் மைக்கை இயக்கி, வேண்டுமென்றே 'நோன்னோ' வரவேண்டிய இடத்தில் 'நோனோ' என்று சொல்லுங்கள். பச்சை நிறம் காட்டிப் பாராட்டினால், அந்த உச்சரிப்புப் பயிற்சியை நம்ப வேண்டாம். அப்படிப்பட்ட செயலி வைத்திருப்பவர்கள் பேச்சுக்கு வேறு வழி தேட வேண்டும். பூசூ என்ற செயலியில் நாம் பதிவுசெய்வதை அந்த மொழி பேசுபவர்கள் திருத்தித் தருகிறார்கள். டேண்டம், ஹலோடாக் இரண்டும் நம் மொழியைக் கற்க விரும்புபவரோடு நேராகப் பேச வைக்கின்றன. கூச்சம் இருக்கத்தான் செய்யும், குரல் செய்தியில் தொடங்கினால் அது சீக்கிரம் குறையும்.

கட்டம் கட்டமாகச் சொற்களைக் காட்டி அவற்றைத் தொட்டு வாக்கியம் அமைக்கச் சொல்லும் பயிற்சியும் ஏமாற்றக்கூடியது. விடை கண் முன்னே கிடக்கிறது, நாம் அதை அடையாளம் காண்கிறோம், அவ்வளவுதான். நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது வேறு திறமை. தட்டச்சு செய்து விடை எழுதும் வசதி அமைப்புகளில் இருந்தால் முதல் வாரத்திலேயே அதற்கு மாறிவிடுங்கள். மதிப்பெண் சட்டென்று குறையும், பரவாயில்லை.

சொல் அட்டைகள் கொண்ட செயலி எடுப்பவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். 'ப்ரொப்ளேமா', 'மானோ' என்ற இரண்டு சொற்களைத் தேடுங்கள். முன்னது 'ஆ'வில் முடிந்தாலும் ஆண்பால், பின்னது 'ஓ'வில் முடிந்தாலும் பெண்பால். 'இல் ப்ரொப்ளேமா', 'லா மானோ' என்று பால் காட்டும் 'இல்', 'லா'வோடு அட்டையில் இருந்தால், தொகுத்தவர் அக்கறையோடு செய்திருக்கிறார் என்று பொருள். வெறும் சொல்லாக இருந்தால், ஆயிரம் சொல் மனப்பாடம் ஆன பிறகு ஒவ்வொன்றின் பாலையும் மறுபடி படிக்க வேண்டிவரும். ஆங்கி போன்ற செயலியில் அட்டைகளை நாமே எழுதிக்கொள்ளலாம் என்பதால் இந்தத் தொல்லை கிடையாது. அது ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் மட்டும் கட்டணம்.

நட்சத்திர மதிப்பீட்டை நம்புவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாடத்தை வெற்றிகரமாக முடித்த மகிழ்ச்சியில் இருக்கும்போதுதான் பல செயலிகள் மதிப்பெண் கேட்கின்றன. பாதியில் விட்டவர்கள் வந்து எழுதுவது குறைவு. விமர்சனங்களில் பல மாதம் படித்ததாகச் சொல்பவர்கள் எழுதியதை மட்டும் தேடிப் படியுங்கள்.

'மூன்று மாதத்தில் சரளமாகப் பேசலாம்' என்ற விளம்பரத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். ஆங்கிலம் பேசும் தன் தூதரக அலுவலர்கள் இத்தாலியனில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற, முழுநேர வகுப்பில் சுமார் 24 முதல் 30 வாரம் ஆகும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை கணக்கிடுகிறது. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் என்பது வேறு கணக்கு. டுவோலிங்கோ போன்றவற்றில் வரும் 'ஸ்ட்ரீக்', அதாவது விடாமல் படித்த நாள்களின் எண்ணிக்கை, பழக்கத்தை நிலைநிறுத்த நன்றாகவே உதவுகிறது. ஆனால் எண்ணிக்கை உடையக்கூடாது என்பதற்காகத் தூக்கக் கலக்கத்தில் ஏற்கெனவே தெரிந்த பாடத்தையே தட்டிவிட்டுப் படுப்பது படிப்பு ஆகாது. நான்கைந்து செயலிகளை ஒரே நேரத்தில் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதி, எல்லாவற்றிலும் வணக்கம் சொல்லும் பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார்கள். பாடத்துக்கு ஒன்று, சொற்களுக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று போதும்.

கடைசியாகப் பணம். இலவச முன்னோட்டம் முடிந்ததும் ஆண்டுச் சந்தா தானாகவே பிடிக்கப்படும் என்பதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. கைபேசியிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா ரத்தாகிவிடும் என்று நினைப்பவர்களும் நிறைய. ரத்தாகாது. ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ சந்தாக்கள் பகுதிக்குப் போய்த் தனியாக நிறுத்த வேண்டும். நிறுவனத்தின் இணையதளத்தில் கட்டியிருந்தால் அங்கேயேதான் நிறுத்த முடியும். ஐபோனில் முன்னோட்டம் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஆண்டுச் சந்தா மலிவாகத் தெரிந்தாலும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். அந்த மாதத்துக்குள் இறந்தகாலப் பாடத்தைத் திறந்து பாருங்கள். 'போனேன்' என்பதற்கு 'ஸோனோ அந்தாத்தோ' என்றும் 'சாப்பிட்டேன்' என்பதற்கு 'ஓ மாஞ்சாத்தோ' என்றும் துணைவினை ஏன் மாறுகிறது என்று செயலி விளக்கினால், ஆண்டுச் சந்தாவைத் தாராளமாகக் கட்டலாம்.