சத்து மாத்திரைதானே என்று நாம் செய்யும் தவறுகள்

"மூணு மாசமா ஒரு நாள் விடாம போடுறேன் தம்பி, ரத்தம் ஏறவே மாட்டேங்குது" என்று போன வாரம் ஓர் அக்கா கடைக்கு வந்து ரிப்போர்ட்டை நீட்டினார். மூன்று மாதத்துக்கு முன்னால் ஹீமோகுளோபின் 8.4, இப்போது 8.7. மாத்திரை சரியான மாத்திரைதான், அளவும் சரிதான். எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன். காலையில் இட்லி சாப்பிட்டதும் டீ குடிப்பாராம், அந்த டீயிலேயே இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்கிவிடுவாராம். "ரெண்டையும் ஒண்ணா போட்டுட்டா மறக்காதுல்ல?"

மருந்துக் கடையில் நின்று பதினெட்டு வருடம் ஆகிறது. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை என்றால் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, காலையா இரவா என்று இரண்டு முறை கேட்டு அட்டையில் பேனாவால் எழுதி வாங்கிப் போகிறவர்கள்தான், விட்டமின் மாத்திரை என்றதும் "அது சத்து மாத்திரைதானே, எப்ப போட்டா என்ன" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. எப்போது போடுகிறோம், எதோடு போடுகிறோம், எத்தனை நாள் போடுகிறோம், முதலில் அது நமக்கு எதற்கு என்ற நான்கும் சரியாக இருந்தால்தான் காசு கொடுத்து வாங்கிய சத்து உடம்பில் சேரும். இல்லையென்றால் கழிப்பறைக்குப் போகும், சில மாத்திரைகளில் அதற்கும் மேலே போய்க் கெடுதலும் செய்யும்.

முதலில் அந்த அக்காவின் கதைக்கே வருகிறேன், ஏனென்றால் இது ஒருவர் கதை இல்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. டீ, காபியில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் குடலிலேயே இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு டீ குடித்தால் காய்கறி, தானியத்திலிருந்து கிடைக்கிற இரும்பில் பாதிக்கு மேல் உள்ளே போகாமலே போய்விடும். கால்சியமும் இரும்பைத் தடுக்கும், அதனால் பாலோடு போடுவதும் தப்பு. வெறும் வயிற்றில், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தண்ணீரோடு போட வேண்டும். ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறோடு போட்டால் இன்னும் நல்லது, விட்டமின் சி இரும்பைக் குடல் உறிஞ்சிக்கொள்ள உதவும். நெல்லிக்காய் கிடைத்தால் ஒன்றைக் கடித்துக்கொள்ளுங்கள், ஆரஞ்சை விடப் பல மடங்கு விட்டமின் சி அதில் இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்பவர்கள் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம், சேர்வது குறையும்தான், ஆனால் போடாமலே விடுவதற்கு அது மேல். கால்சியம் மாத்திரையை மதியமோ இரவோ சாப்பாட்டோடு தனியாகப் போடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இரண்டு மாத்திரையும் சேர்த்தே கொடுக்கிறார்கள், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடச் சொல்லி யாரும் கொடுப்பதில்லை, இடையில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும்.

சீக்கிரம் ஏறட்டும் என்று ஒன்றுக்கு இரண்டாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு மாத்திரை உள்ளே போனதும் உடம்பு ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது, அது ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் குடலின் கதவைப் பாதி மூடி வைத்துவிடும். அதற்குள் போடுகிற இரண்டாவது மாத்திரை பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்கி வயிற்று வலியையும் மலச்சிக்கலையும் கொடுக்கும். இதனால்தான் சில மருத்துவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எழுதித் தருகிறார்கள். அப்படி எழுதியிருந்தால் "டாக்டர் குறைச்சுக் கொடுத்துட்டாரு" என்று நீங்களாகத் தினமும் போடாதீர்கள்.

மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்துகிறவர்கள் அதிகம். இரும்பு மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும், பயப்பட வேண்டாம். தார் மாதிரி பிசுபிசுப்பாக, மோசமான நாற்றத்தோடு போனால் மட்டும் அது வேறு விஷயம், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இன்னொரு பக்கம், ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டதும் அட்டையைத் தூக்கிப் போடுகிறவர்கள். ரத்தத்தில் இரும்பு நிறைந்த பிறகுதான் உடம்பு சேமிப்புக் கிடங்கை நிரப்பத் தொடங்கும், அதற்கு இன்னும் மூன்று மாதமாவது ஆகும். பாதியில் விட்டால் அடுத்த தீபாவளிக்குள் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

சாப்பாட்டில் நாம் நம்புகிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்று பீட்ரூட்டையும் மாதுளையையும் வாங்கிக் குவிக்கிறோம். நல்ல உணவுதான், ஆனால் மாதுளை முத்துகள் நூறு கிராமில் அரை மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது, அந்தச் சிவப்பு வெறும் நிறமி. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 29 மில்லிகிராம். நம் பாட்டிகள் பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கிவரச் சொன்னார்களே, அதுதான் சரியான கணக்கு. ஆட்டு மண்ணீரலில் இரும்பு நிறைய, அதுவும் குடல் சுலபமாக எடுத்துக்கொள்கிற வகை. சைவம் என்றால் கம்பு, கொள்ளு, கீரை, எள், கூடவே எலுமிச்சை பிழிந்துகொள்வது. ஈரலும் நல்லதுதான், ஆனால் அதில் விட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் அடிக்கடி சாப்பிடக் கூடாது, அளவுக்கு மிஞ்சிய விட்டமின் ஏ வயிற்றுப் பிள்ளைக்குக் குறைபாடு உண்டாக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, ஏன் குறைந்தது என்று கேட்காமல் மாத்திரையை மட்டும் வாங்கிப் போடுவது. மாதவிலக்கில் அதிகம் போகிற பெண்ணுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. ஐம்பத்தைந்து வயது ஆணுக்கு ஹீமோகுளோபின் 9 என்றால் ரத்தம் எங்கேயோ கசிகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்: மூலம், வயிற்றுப் புண், சில நேரம் குடலில் புற்றுநோய். அவர் "சத்து கம்மியாயிடுச்சு" என்று டானிக் வாங்கிப் போவதைப் பார்த்தால் நான் கொடுக்கத் தயங்குவேன், முதலில் போய்ப் பாருங்கள் என்று சொல்வேன். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களுக்கும் ரத்த அணு சின்னதாக, ஹீமோகுளோபின் குறைவாகவே இருக்கும், ஆனால் இரும்பு போதுமான அளவு இருக்கும். அவர்களுக்கு வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுத்துப் பயனில்லை. வயல், தோட்டத்தில் செருப்பில்லாமல் வேலை செய்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், பூச்சி மாத்திரை போடாமல் இரும்பு மட்டும் போட்டால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

அப்புறம் ஒன்று, வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இரும்பு மாத்திரையை எட்டாத உயரத்தில் வையுங்கள். சிவப்பாகப் பளபளவென்று மிட்டாய் மாதிரி இருக்கும். நமக்கு மருந்து, இரண்டு வயதுக் குழந்தை ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

சரி, விட்டமின் டி. 60,000 யூனிட் என்று பவுடராகவோ குளிகையாகவோ வருகிறதே, அது பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம் என்று எழுதப்படுவது. ஒரு பெரியவர் அதைத் தினமும் பாலில் கலந்து குடித்துவந்தார். நான்கு அட்டை வாங்கியவர் இரண்டு மாதத்தில் மறுபடி எட்டு அட்டை வாங்க வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. விசாரித்தால், கொஞ்ச நாளாகவே வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், பேச்சில் ஒரு தடுமாற்றம், வீட்டில் வயசாயிடுச்சு என்று நினைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறிப்போய் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு, ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்துதான் மீண்டார். சீட்டில் வாரம் ஒரு முறை என்று ஆங்கிலத்தில் இருந்தது, அவருக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை. பி, சி விட்டமின்கள் தண்ணீரில் கரைபவை, மிஞ்சியதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும் (பி காம்ப்ளக்ஸ் போட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போவது அதனால்தான், அந்த நிறம் ரிபோஃபிளேவின் என்ற பி2 விட்டமினுடையது). ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. ஏயும் டியும் அளவு மீறினால் உடம்பிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். நாள்தோறும் போட வேண்டியதா, வாரம் ஒன்றா என்று கேட்டுத் தமிழில் அட்டையிலேயே எழுதி வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை என்று கிழமையோடு எழுதினால் இன்னும் நல்லது.

வெயில் விஷயத்திலும் ஒரு தவறு நடக்கிறது. காலை ஆறரை மணி இளவெயிலில் நடந்தால் விட்டமின் டி கிடைத்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். தோலில் டி உண்டாக்குகிற புறஊதாக் கதிர் அந்த நேரத்தில் அனேகமாக இருக்காது. உங்கள் நிழல் உங்களை விடக் குட்டையாக விழும் நேரம்தான் கணக்கு, அதாவது முற்பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை. கை, கால், முகத்தில் படும்படி இருபது முப்பது நிமிடம் நின்றால் போதும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயன் இல்லை, அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது.

பி12க்கு வருகிறேன். கால் எரிச்சல், பாதம் மதமதப்பு என்று வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள் என்பதுதான். நெடுநாள் மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கும், வயிற்று எரிச்சலுக்கு ஒமெப்ரசோல் வகை மாத்திரையைக் காலை டிபன் மாதிரி வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கும் பி12 சேர்வது குறையும். பி12 குறைந்தாலும் நரம்பு கெட்டு இதே எரிச்சல் வரும், ஆனால் எரிச்சலைச் சர்க்கரையின் தலையில் போட்டுவிட்டு பி12 பார்க்காமலே இருந்துவிடுகிறோம். இந்த விட்டமின் செடியில் கிடையாது, சுத்த சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. நம் கல்லீரலில் அதன் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியவே சில வருடம் ஆகும். இங்கே ஒரு ஆபத்தான தவறு என்னவென்றால், ரத்தசோகை என்று ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு பி விட்டமினை மட்டும் போட்டுக்கொண்டிருப்பது. ரத்தம் சரியாகிவிட்ட மாதிரி ரிப்போர்ட் வரும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல் கெட்ட நரம்பு முழுசாகத் திரும்பாது.

அதே ஃபோலிக் அமிலத்தைத் தாமதமாகத் தொடங்குவதும் தவறு. குழந்தையின் மூளை, தண்டுவடமாக ஆகப்போகும் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போய், டெஸ்ட் எடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும். பிள்ளை வேண்டும் என்று முடிவெடுத்ததுமே, கரு உண்டாவதற்கு ஒரு மாதமாவது முன்பிருந்து தினம் 400 மைக்ரோகிராம் போடத் தொடங்க வேண்டும்.

உப்பைப் பற்றிச் சுருக்கமாக. இந்துப்பு, கல் உப்பு இயற்கையானது என்று மாறுகிறவர்கள், அந்தப் பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமியின் குழு அயோடின் உப்பைக் கொடுத்துப் பார்த்ததில் அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலை தெளிவாகக் குறைந்தது, நாடு முழுக்க அயோடின் உப்பு வந்ததற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அயோடின் உப்பை அடுப்புப் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள், சூட்டிலும் ஈரத்திலும் அயோடின் போய்விடும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இரும்பு, கால்சியம் இரண்டையும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். இல்லையென்றால் தைராய்டு மாத்திரை வேலை செய்யாமல் டோஸ் ஏறிக்கொண்டே போகும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற பி விட்டமின் மாத்திரை போடுகிற பெண்களுக்கு இன்னொன்று. அதிக அளவு பயோட்டின் ரத்தப் பரிசோதனையையே குழப்பும், தைராய்டு முடிவு தப்பாக வரும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் சோதனைகூடப் பொய்யாக நார்மல் என்று வரலாம். ரத்தப் பரிசோதனைக்குப் போவதற்கு இரண்டு நாளாவது முன்பே பயோட்டினை நிறுத்துங்கள், அவசரத்தில் போக நேர்ந்தால் இந்த மாத்திரை போடுகிறேன் என்று ரத்தம் எடுப்பவரிடமும் மருத்துவரிடமும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.